தேமலுக்கு வந்த மவுசு

கூரியரில் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது உள்ளே ஈரப் பாசி சுற்றிய ஒரு குச்சி இருந்தது. விரல் நீளம். இலை கிடையாது. வேர் என்று மரியாதைக்குச் சொல்லிக்கொள்ள ஒரு பழுப்பு நூல், நடுவில் ஒரு கணு. அம்மா மூக்குக்கண்ணாடியை நுனி மூக்குக்கு இறக்கிப் பார்த்தாள்.

"என்னடா இது, பொங்கல் கரும்புல மிச்சமா?"

"மான்ஸ்டெரா ஆல்போம்மா. வெள்ளையும் பச்சையுமா இலை விடும். ரொம்ப அபூர்வம்."

"எவ்வளவு?"

ஏழாயிரத்தில் ஒரு சைபரைக் கழித்து எழுநூறு என்றேன். அதற்கே அரை மணி நேரம் அர்ச்சனை நடந்தது. அந்த ஒரு சைபர்தான் இன்றுவரை எங்கள் வீட்டு அமைதியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

ஆறு வாரம் கழித்து முதல் இலை சுருள் பிரிந்தது. ஒரு பாதி பச்சை, மறு பாதி சுண்ணாம்பு அடித்த சுவர். நான் பன்னிரண்டு கோணத்தில் படம் பிடித்துக்கொண்டிருக்க, அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தேமல் புடிச்சிருக்குடா. வேப்பெண்ணெயக் கரைச்சுத் தெளி."

சிரித்துத் தொலைத்தேன். பிறகு பழைய கதைகளைக் கிளறப் போனதில்தான் தெரிந்தது, இந்த வழக்கில் விஞ்ஞானிகள் எல்லாம் அம்மா பக்கம் நிற்கிறார்கள். என் பக்கம் நிற்பவர்கள் ராணிகள், பிரபுக்கள், மற்றும் ஏமாந்தவர்கள்.

ராணியிலிருந்தே தொடங்குவோம். 752-ஆம் வருடம், ஜப்பான். பேரரசி கோகென் பெயரில் ஒரு கவிதை இருக்கிறது. கோடை நடுவிலேயே இலை மஞ்சளாகிப் போன ஒரு செடியைப் பார்த்து உருகிப் பாடியது. 2003-ல் விஞ்ஞானிகள் அந்த வகைச் செடியை ஆராய்ந்து, மஞ்சளுக்குக் காரணம் ஒரு வைரஸ் என்று கண்டுபிடித்தார்கள். தாவர வைரஸ் நோயைப் பற்றி மனிதன் எழுதிவைத்த மிகப் பழைய குறிப்பு அந்தக் கவிதைதானாம். அன்று அரசி பக்கத்தில் ஒரு வேளாண்மை அலுவலர் நின்றிருந்தால் 'பிடுங்கி எரிக்கவும்' என்று எழுதிக் கொடுத்திருப்பார். இலக்கியம் தப்பித்தது.

ஜப்பானியர்கள் அதோடு விடவில்லை. எடோ என்று அழைக்கப்பட்ட இன்றைய டோக்கியோவில், சாமுராய்களுக்குச் சண்டை இல்லாமல் போய் இருநூறு வருடம் ஆகியிருந்தது. வாள் துருப்பிடிக்கிறது, பொழுது போகவில்லை. என்ன செய்வார்கள்? சட்டியில் செடி வைத்து, எந்த இலையில் வெள்ளைக் கோடு விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1827-ல் கின்தா என்ற தோட்டக்காரர் விசித்திர இலைச் செடிகளுக்கென்றே மூன்று பாகத்தில் படத்தொகுப்பு போட்டார். சுமார் ஐந்நூறு செடிகள். ஒரு தோட்டக்காரன் போட்டால் சும்மா இருக்க முடியுமா? 1829-ல் மிசுனோ என்ற ஷோகுன் அரசுப் பிரமுகர் ஏழு பாகத்தில் ஏறக்குறைய ஆயிரம் செடிகளோடு பதில் சொன்னார். உலகத்தின் முதல் 'என் செடியைப் பார், உன் செடியைப் பார்' சண்டை இது என்று நான் நம்புகிறேன். கைபேசி இல்லாத குறைதான்.

ஹாலந்தில் 1637-ல் டூலிப் கிழங்குக்கு வீட்டை விற்ற கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அந்தப் பூவின் வரி வரியான கோலத்துக்கும் வைரஸ்தான் காரணம் என்பதோடு அதை விட்டுவிடுகிறேன். நம் கதை வெப்பமண்டல இலைகளைப் பற்றியது.

அந்த இலைகள் குளிர்நாட்டு வரவேற்பறைக்குப் போய்ச் சேர்ந்ததே ஒரு விபத்து. கப்பலில் செடி கொண்டுபோவது என்றால் அந்தக் காலத்தில் செடிக்குக் கருமாதி செய்வது என்று அர்த்தம். சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு ஆயிரம் செடி ஏற்றினால் ஒன்று பிழைத்தால் பெரிது என்று 1819-ல் மக்காவிலிருந்து ஒரு டாக்டர் கணக்கு எழுதியிருக்கிறார். உப்புக்காற்று ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம். குடிதண்ணீர் தட்டுப்பாடு வந்தால் மாலுமி தன் தொண்டையை நனைப்பானா, மேல்தட்டில் இருக்கும் பெரணியை நனைப்பானா?

இதைத் தீர்த்துவைத்தவர் நதானியல் பாக்ஷா வார்ட். லண்டனின் கிழக்கே வெல்க்ளோஸ் சதுக்கத்தில் குடியிருந்த டாக்டர். பெரணிப் பைத்தியம். கொல்லையில் பாறை அடுக்கிப் பெரணி வளர்த்துப் பார்த்தார். நிலக்கரிப் புகையில் எல்லாம் கருகின. மனம் வெறுத்து 1829-ல் பூச்சிப் பக்கம் தாவினார். ஸ்பிங்க்ஸ் வகைப் பூச்சி ஒன்றின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடிவைத்தார். பகலில் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படியும், ராத்திரி வழிந்து மண்ணுக்கே திரும்பும். ஒரு நாள் பார்த்தால் மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் எட்டிப் பார்க்கின்றன. கொல்லையில் தாலாட்டி வளர்த்தபோது வராத பெரணி, கவனிக்காமல் விட்டதும் வந்துவிட்டது. பிள்ளை வளர்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பூச்சி என்ன ஆயிற்று என்று அதற்குப் பிறகு யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்தப் பாட்டில் ஏறக்குறைய நான்கு வருடம் தண்ணீரே ஊற்றாமல் தழைத்தது. டாக்டர் வெளியூர் போயிருந்த சமயம் மூடி துருப்பிடித்து மழைத்தண்ணீர் உள்ளே இறங்க, செடிகள் அழுகிச் செத்தன. செடி வளர்ப்பவர்களே, கவனியுங்கள்: முதல் கண்ணாடிப் பெட்டித் தோட்டமே தண்ணீர் அதிகமாகித்தான் செத்தது. இன்றைக்கு வரைக்கும் நாம் எல்லோரும் செய்கிற கொலை அதுதான்.

வார்ட் விடவில்லை. 1833-ல் அதே மாதிரி மூடிய இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் பெரணிகளை அடைத்துச் சிட்னிக்கு அனுப்பினார். மாதக்கணக்கில் பயணம், செடிகள் உயிரோடு இறங்கின. திரும்பும்போது ஆஸ்திரேலியச் செடிகளை ஏற்றினார்கள். கேப் ஹார்னில் கப்பல் தளத்தில் ஓரடிப் பனி, நிலநடுக்கோட்டில் அடுப்பு வெயில். எட்டு மாதம் கழித்து லண்டனில் திறந்தால் உள்ளே பச்சைப்பசேல். ஏழைத் தொழிலாளர் வீட்டு ஜன்னலிலும் பசுமை வர வேண்டும் என்பது டாக்டரின் ஆசை. நல்ல மனுஷன். ஆனால் அவர் பெட்டியைப் பார்த்த சாம்ராஜ்யத்துக்கு வேறு ஆசை வந்தது.

இங்கே நம்மூர் சாஸ்திரம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மணி பிளான்ட்டைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது, கேட்டும் வாங்கக் கூடாது. எதிர் வீட்டு கேட்டுக்கு வெளியே தொங்கும் கொடியை, யாரும் பார்க்காத நேரத்தில் கிள்ளி வந்து நட்டால்தான் செல்வம் சேரும். இதை ஏதோ நம்மூர்ப் பாட்டிகள் கட்டிவிட்ட கதை என்று நினைத்தேன். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பொருளாதாரக் கொள்கையே அதுதான்.

ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1848-ல் தலையை மழித்து, பின்னல் ஒட்டி, சீன அங்கி மாட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டங்களுக்குள் நுழைந்தார். யாரப்பா நீ என்று கேட்டால், தூரத்து மாகாணத்துக்காரன் என்று பதில். ஆயிரக்கணக்கான தேயிலைக் கன்றுகள் வார்ட் பெட்டியில் ஏறி இமயமலை அடிவாரம் வந்து சேர்ந்தன. கொய்னா மரம் பெருவின் சொத்து. கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1860-ல் அதைக் கிளப்பி ஊட்டிக்குக் கொண்டுவரப் பார்த்தார். அவர் கன்றுகள் செங்கடல் வெயிலில் வதங்கிப் பெரும்பாலும் செத்தன. ஆனால் ஈக்வடார் பக்கம் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் சேர்த்து அனுப்பியவை பிழைத்தன. ஊட்டி தாவரவியல் பூங்காவை அமைத்த மெக்கைவர் அவற்றை நீலகிரியில் பெருக்கினார். 1876-ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் ரப்பர் விதைகளோடு வந்தார். அதில் முளைத்த கன்றுகளில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம், 38 வார்ட் பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறின. அந்த நாளில் அதைத் தடுக்க அங்கே சட்டமே இல்லை என்று விக்கம் கட்சிக்காரர்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். மணி பிளான்ட் கிள்ளுபவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். விக்கமுக்கு 1920-ல் சர் பட்டம் கொடுத்தார்கள். கிள்ளினால் செல்வம் சேரும்.

மணி பிளான்ட்டும் லேசுப்பட்ட ஆள் இல்லை. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கால் நனைத்து நிற்கிறதே, அதன் சொந்த ஊர் தஹிதிக்குப் பக்கத்தில் மூரேயா என்ற தீவு. பச்சையில் மஞ்சள் தெளித்த அந்த இலையும் தேமல் சாதிதான். பூக்கவே மாட்டேன் என்று அடம் பிடித்ததால், 1880-ல் பெயர் வைத்ததிலிருந்து 1964-க்குள் தாவரவியலாளர்கள் நான்கு குலத்தில் அதை மாற்றி மாற்றிச் சேர்த்தார்கள். ரேஷன் அட்டையில் பெயர் திருத்த அலைவது மாதிரி. பூ விடச் சொல்லும் ஹார்மோனைச் சுரக்க அதன் உடம்பில் வழியில்லை என்று 2016-ல்தான் காரணம் தெரிந்தது.

என் மான்ஸ்டெராவின் பரம்பரைக்கு வருகிறேன். மிஷேல் அடான்சன் என்ற பிரெஞ்சுக்காரர் 1763-ல் இந்தக் குலத்துக்கு அந்தப் பெயரை வைத்தார். இலையில் ஓட்டை ஓட்டையாக இருந்ததைப் பார்த்துப் பயந்துவிட்டார் போல. வீட்டில் வளர்க்கும் பெரிய இலை ஜாதியை மெக்சிகோவில் பார்த்த டென்மார்க்காரர் லீப்மன், 1849-ல் அதற்கு டெலிசியோசா, அதாவது ருசியானது, என்று அடைமொழி சேர்த்தார். ருசியான ராட்சசன். பழம் அன்னாசியும் வாழையும் கலந்த ருசி என்கிறார்கள். ஆனால் பழுக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அவசரப்பட்டுக் காயைக் கடித்தால் நாக்கிலும் தொண்டையிலும் ஆயிரம் ஊசி. கருணைக்கிழங்கைச் சரியாக வேகவைக்காத வீட்டில் சாப்பிட்டவர்களுக்கு இந்த ஊசி பழக்கமானது. இரண்டும் ஒரே குடும்பம், ஒரே கால்சியம் ஆக்சலேட். சேனையும் சேப்பங்கிழங்கும்கூட அங்காளி பங்காளிதான். இதை ஒரு பலவீனமான நேரத்தில் அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன்.

"அப்போ சேம்பு இலைக்கா எழுநூறு?"

சைபரை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

இனி தேமல். 1868-ல் லண்டனின் பெரிய நர்சரியான வீச் கம்பெனிக்கு மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து ஒரு கட்டு அபுட்டிலான் கன்றுகள் வந்தன. அபுட்டிலான் என்றால் ஏதோ என்று நினைக்க வேண்டாம், நம்மூர் துத்தியின் ஒன்றுவிட்ட சொந்தம். எல்லாம் பச்சையாக இருக்க, ஒரே ஒரு கன்றில் மட்டும் இலை முழுக்க மஞ்சள் கட்டம் கட்டமாக மொசைக் தரை போட்டிருந்தது. நர்சரிக்காரர்களுக்குக் கை கால் ஓடவில்லை. ஒட்டுக் கட்டிப் பெருக்கி, ஐரோப்பா முழுக்க விற்றார்கள். அதில் ஒரு அதிசயம் வேறு. இந்தச் செடியின் கிளையைப் பச்சைச் செடியில் ஒட்டினால், கொஞ்ச நாளில் பச்சைச் செடியும் புள்ளி போட ஆரம்பித்தது. கிளை இறந்துபோனாலும் புள்ளி போகவில்லை. அழகு தொற்றிக்கொள்கிறது என்று மகிழ்ந்தார்கள்.

தொற்றியது நோய். ஒட்டில் தொற்றுவது தொற்றுநோய்தான் என்று 1900-களின் தொடக்கத்தில் ஜெர்மானியர் எர்வின் பவுர் நிரூபித்தார். பிற்பாடு வைரஸைப் பிடித்தார்கள். வெள்ளை ஈ சுமந்து பரப்பும் வகை. நம்மூர் உளுந்து வயலில் மஞ்சள் தேமல் நோய் என்று விவசாயி தலையில் கைவைத்து உட்காருகிறாரே, அதுவும் இதே கூட்டத்து வைரஸ், அதே வெள்ளை ஈ. உளுந்துச் செடியை நாம் பிடுங்கிப் போடுகிறோம். அங்கே சீமாட்டிகள் அதன் அண்ணனுக்குப் பீங்கான் தொட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அபுட்டிலான் தாம்சோனி என்ற பெயரில் இன்றும் விற்கிறார்கள். வைரஸை ஒழித்தால் செடி ஆரோக்கியமாகிவிடும், வியாபாரம் படுத்துவிடும்.

எல்லா வெள்ளையும் வைரஸ் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் மான்ஸ்டெராவின் வெள்ளை வேறு ரகம். 1907-ல் ஹான்ஸ் விங்க்ளர் என்ற இன்னொரு ஜெர்மானியர் தக்காளியையும் மணத்தக்காளியையும் ஒட்டுக் கட்டினார். வெட்டுவாயிலிருந்து ஒரு துளிர் கிளம்பியது, நெடுக்குவாட்டில் ஒரு பாதி தக்காளி, ஒரு பாதி மணத்தக்காளி. குழம்பில் போடுவதா, வற்றல் போடுவதா? விங்க்ளர் இரண்டும் செய்யாமல், சிங்கத்தலையும் ஆட்டு உடம்பும் பாம்பு வாலும் கொண்ட கிரேக்க மிருகத்தின் பெயரை எடுத்துக் கைமீரா என்று சூட்டினார். நம்மூர் ஸ்தபதி பக்கத்தில் இருந்திருந்தால் யாளி என்று பெயர் வைத்திருப்பார், இன்னும் கச்சிதம்.

ஆல்போ அப்படிப்பட்ட யாளி. நுனிக்குருத்தில் பச்சையம் செய்யத் தெரிந்த செல்லும் தெரியாத செல்லும் கூட்டுக்குடித்தனம். எந்தப் பக்கத்து மொட்டு எந்தச் செல்லிலிருந்து கிளம்புகிறதோ அந்த நிறம். வெள்ளைப் பாதி ஒரு பைசா சம்பாதிக்காது. பச்சைப் பாதி வெயிலில் நின்று சமைத்துப் போட வேண்டும். வெள்ளைக்கே முழு ஆதிக்கம் கிடைத்துவிட்டால் இலை முழுக்க வெண்ணெய் நிறத்தில் வரும், பார்ப்பவர்கள் மூச்சைப் பிடிப்பார்கள், அடுத்தடுத்தும் அப்படியே வந்தால் செடி பட்டினியில் செத்துப்போகும்.

இப்படிப்பட்ட நோஞ்சான்களுக்கு 2020-ல் வந்த மவுசு, டூலிப் காலத்து டச்சுக்காரனே கூச்சப்படும் அளவுக்கு இருந்தது. உலகமே வீட்டுக்குள் அடைபட்டு, சுவரைப் பார்த்து, பிறகு சுவரோரம் இருந்த செடியைப் பார்த்தது. நியூசிலாந்தில் வெளிநாட்டுச் செடி இறக்குமதிக்கு ஏகக் கெடுபிடி. உள்ளே இருப்பதுதான் சரக்கு. அங்கே ஆகஸ்ட் 2020-ல் வெள்ளை கலந்த ரஃபிடோஃபோரா டெட்ராஸ்பெர்மா ஒன்று ஆன்லைன் ஏலத்தில் 8,150 நியூசிலாந்து டாலருக்குப் போனது. மொத்தம் நான்கு இலை. இலை ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய், அதுவும் சாப்பாடு போட முடியாத இலை. ஜூன் 2021-ல் அதே வகை 19,297 அமெரிக்க டாலர். நம் கணக்கில் பதினாலு லட்சம் பக்கம்.

இதற்கு நடுவில் பிங்க் காங்கோ என்று ஒரு ஃபிலோடெண்ட்ரான் வந்தது. இலை ரோஸ் நிறத்தில் ஜொலித்தது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் புது இலையெல்லாம் பச்சை. ரசாயனம் கொடுத்து வரவைத்த ரோஸ் அது. பெண் பார்க்க வந்த அன்று தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு வரும் மாப்பிள்ளையை நமக்குத் தெரியும், வாங்கியவர்களுக்குத் தெரியவில்லை. அப்புறம் தாய்லாந்து ஆய்வகத்தில் பிறந்த தாய் கான்ஸ்டலேஷன் என்ற மான்ஸ்டெராவைத் திசு வளர்ப்பில் கூட்டம் கூட்டமாகப் பெருக்கிக் கடைக்கு இறக்க, விலை சறுக்குமரத்தில் சறுக்கியது. நான் ஏழாயிரம் கொடுத்தது அந்தச் சறுக்குமரத்தின் உச்சாணியில்.

வளர்த்தேன், ஐயா. பொள்ளாச்சித் தேங்காய் மட்டைத் துண்டு, பெர்லைட், கரித்துண்டு கலந்து, தண்ணீர் ஊற்றினால் மூன்றே விநாடியில் அடியில் வடிகிற மண் செய்தேன். ஏறிக்கொள்ளப் பாசிக் கம்பம் நட்டேன். நேர்வெயில் படாமல், வெளிச்சம் குறையாமல், கிழக்கு ஜன்னலில் இடம் ஒதுக்கினேன். அந்த இடத்தில் முன்பு அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காற்றில் ஈரம் போதவில்லை என்று புகை விடும் இயந்திரம் வாங்கி வைத்ததும் அம்மா, "சாம்பிராணி வாசனையே வரலியேடா" என்றாள். அக்கினி நட்சத்திரத்தில் ஒரு நாள் திரை போட மறந்தேன். சாயங்காலம் பார்த்தால் வெள்ளைப் பகுதியின் ஓரம் முழுக்க அப்பளம் கருகின மாதிரி பழுப்பு. பச்சைப் பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாவது இலை பச்சை. நான்காவதும் பச்சை. ஐந்தாவது, கும்பகோணம் வெற்றிலை மாதிரி மருந்துக்குக்கூட வெள்ளை இல்லாத பச்சை. தெரிந்தவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்: பச்சைத் தண்டை வெட்டி எறி, வெள்ளைக் கோடு ஓடும் கடைசிக் கணு வரைக்கும் வெட்டு, கீழ் மொட்டு கிளம்பும். கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்து எடுத்துக்கொண்டு போவேன். அந்த மூன்று இலைகள்தான் செடியிலேயே தளதளவென்று இருக்கும். திரும்பி வந்துவிடுவேன்.

போன ஆடியில் நாலு நாள் ஊருக்குப் போனோம். தண்ணீர் ஊற்றச் சொல்லி மேல்மாடி அக்காவிடம் சாவி கொடுத்திருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் மூன்று பச்சை இலைகளோடு மேல் தண்டு காணோம். வெட்டு சுத்தமாக, கணுவுக்கு மேலே அரை அங்குலத்தில், பாடப்புத்தகத்தில் இருப்பது போல. கீழே அந்தப் பழைய சுண்ணாம்பு இலைகள் மட்டும் நின்றன. நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அபார்ட்மெண்டில் குடியிருக்க வேண்டும் அல்லவா?

ஐந்து வாரத்தில் வெட்டுக்குக் கீழே மொட்டு உடைந்தது. பிரிந்த இலை ஒரு பாதி பச்சை, ஒரு பாதி பால்வெள்ளை, நடுநரம்பில் நூல் பிடித்த மாதிரி எல்லை.

மறுநாள் அக்கா கொத்தமல்லி கேட்டு வந்தவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். முகம் கொஞ்சம் வாடியது.

"உங்க செடியில இப்படி வெள்ளையா வருதே தம்பி... என்ன உரம் போடுறீங்க? எங்க... எனக்குத் தெரிஞ்சவங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, மூணு புது இலை விட்டுடுச்சு, எல்லாமே பச்சையாவே வருது."

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அம்மா குரல் வந்தது:

"அவங்க கொடுத்துவச்சவங்கம்மா. தேமல் போயிடுச்சு பாரு."